ஒரு பொட்டுத் தண்ணி

பழனி ரோட்டில் நான் வேலை பார்த்த சர்வீஸ் சென்டரில் இப்போதெல்லாம் பேட்டரியைத் தொட்டுப் பார்க்கவே வேண்டியதில்லையாம். போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் அதுவே தன் கதையைச் சொல்லிவிடுகிறதாம். எத்தனை தடவை சார்ஜ் ஏறியது, எந்தச் செல் சோர்ந்து கிடக்கிறது எல்லாம் திரையில் வந்துவிடும் என்று, என் கூட வேலை பார்த்த ஜெயந்தி போன வாரம் போனில் சொன்னாள். சொல்லிவிட்டுச் சும்மா வைக்கவில்லை. "ராணிக்கா, அந்த வேடசந்தூர் மில்லு கேசப் பத்தி இங்க ஆளுக்கு ஒரு கத சொல்றாய்ங்க. நடந்தது ஒங்களுக்குத்தான் தெரியும். எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

"எழுதுறதாவது, போடி" என்று வைத்துவிட்டேன். வைத்தேனே தவிர, அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. அந்தக் கேசில் நான் வாயைத் திறந்ததால் ஒருத்தனுடைய வேலை தப்பித்தது. அதே வாயால் இன்னொருவர் இந்த ஊரை விட்டுப் போனார். அவர் போகக் கூடாது என்று இந்தத் திண்டுக்கல்லில் ஒரே ஒரு ஆள் நினைத்திருந்தால் அது நான்தான். சரி, எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். இன்வெர்ட்டர் பேட்டரிக் கடையில் பதினெட்டு வருஷம். ஆசிட் தெறித்து ஓட்டை விழாத சேலை என்னிடம் அப்போது ஒன்றுகூட இல்லை. என் வீட்டுக்காரர் தவறியதும், மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போனதும் அந்த வருஷங்களில்தான். புல் வெட்ட, வேலி கத்தரிக்க, சருகு ஊத என்று வயரில்லாத தோட்ட மெஷின்கள் வந்து, அதற்கு லித்தியம் பேட்டரி வந்து, கம்பெனிக்காரர்கள் பழனி ரோட்டில் சென்டர் திறந்தபோது என்னைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிப் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். பழைய ஆசிட் பேட்டரியை எப்போதும் சார்ஜ் நிரப்பியே வைக்க வேண்டும். லித்தியம் அப்படியில்லை. நெடுநாள் சும்மா வைப்பதென்றால் முழுசாகவும் வைக்காதே, காலியாகவும் வைக்காதே, சூட்டில் வைக்காதே, குளிரில் சார்ஜ் போடாதே. "இது என்னங்க, புது மாப்பிள்ளயக் கவனிக்கிற மாதிரியில்ல இருக்கு" என்று நான் கேட்டதும் பயிற்சி கொடுத்தவர் சிரித்துவிட்டார். அவ்வளவுதான் என் படிப்பு. மிச்சத்தை நான் ஞானப்பிரகாசம் சார் வேலை செய்வதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஞானப்பிரகாசம் சார்தான் சென்டருக்கு இன்சார்ஜ். திண்டுக்கல்காரர்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மனைவி இறந்து பல வருஷமாகியிருந்தது, ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். ஒல்லியான உடம்பு, தேய்த்த சட்டை, பையில் ஒரு சின்ன டார்ச். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. எனக்கோ நேர் எதிர். மூக்கு நுனியில் கோபம். கஸ்டமர் ஏதாவது ஏடாகூடமாகச் செய்துவிட்டு வந்தால் நான் வறுத்தெடுத்துவிடுவேன். அவர் தள்ளி நின்று, "ராணிம்மா, டீ குடிச்சிட்டு வாங்களேன்" என்பார். அதற்கு அர்த்தம், நீ கொஞ்சம் எழுந்து போ, நான் பேசிக்கொள்கிறேன் என்பது.

பேட்டரி உள்ளே வந்ததும் அதைச் சார்ஜரில் மாட்டிப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்வது. சார் அதைச் செய்ய விடமாட்டார். முதலில் புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். பிறகு முகர வேண்டும். உள்ளே செல் கசிந்திருந்தால் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு இனிப்பு வாடை வரும். அப்படி வந்தால் கதை முடிந்தது, நேராகப் பின்பக்கத்து மணல் தொட்டிக்குத்தான் போக வேண்டும். வாடை இல்லையென்றால் காதருகில் வைத்து மெல்ல ஆட்ட வேண்டும். உள்ளே ஏதாவது உருள்கிறதா? பிறகு டார்ச் அடித்து, மெஷினுக்குள் மாட்டுகிற பக்கத்தில் இருக்கும் டெர்மினல்களைப் பார்க்க வேண்டும். கரண்ட் வரும் இரண்டு தகடுகளுக்கு நடுவில் சின்னதாக இன்னொரு தகடு இருக்கும். பேட்டரியின் உள்சூட்டைச் சார்ஜருக்குச் சொல்வது அதுதான். அதில் தூசி ஒட்டியிருந்தால் போதும், பேட்டரி கொதிக்கிறது என்றோ உறைந்துவிட்டது என்றோ சார்ஜர் நினைத்துக்கொண்டு சிவப்பு விளக்கைச் சிமிட்டும். இத்தனைக்கும் பிறகுதான் மீட்டரையே கையில் எடுக்க வேண்டும்.

கஸ்டமர் வந்ததுமே "சார், செத்துப்போச்சு" என்பார்கள். சார் அந்தச் சொல்லை ஒத்துக்கொள்ளமாட்டார். "இருங்க, தூங்குதான்னு பாப்போம்" என்பார். பாதிக்குப் பாதி உண்மையில் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். செல் ரொம்ப வற்றிவிட்டால் உள்ளிருக்கும் எலெக்ட்ரானிக் போர்டே கரண்டை விடாமல் கதவைச் சாத்திக்கொள்ளும். எந்த அளவுக்கு வற்றியிருக்கிறது என்று ஒவ்வொரு செல்லாக அளந்து, எழுப்பலாமா கூடாதா என்று சார் முடிவு செய்வார். எழுப்பக் கூடாததை எழுப்பினால் அது என்றைக்காவது யார் வீட்டிலாவது தீயாக எழும் என்பது அவருடைய பயம். பழுதை எழுதிக் கொடுக்கும் சர்வீஸ் அட்டையில் கடைசிக் கட்டம் 'காரணம்'. அதில் அளந்து பார்க்காத எதையும் அவர் எழுதியதில்லை. தெரியவில்லையென்றால் 'தெரியவில்லை' என்றே எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்காகக் கம்பெனியில் இருந்து போன் வரும். "தெரியலன்னா தெரியலதானே சார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைப்பார்.

இந்த ஊரில் எங்களுக்கென்று ஒரு சீசன் உண்டு. ஆயுதபூஜைக்கு மறுவாரம். தோப்புக்காரர்கள், மில் தோட்டக்காரர்கள், பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் என்று ஆளுக்கு ஒரு பேட்டரியோடு வரிசையாக வருவார்கள். எல்லாவற்றிலும் ஒரே கோளாறு, சிவப்பு விளக்குச் சிமிட்டல். எல்லாவற்றிலும் ஒரே காரணம், டெர்மினலில் சந்தனமும் குங்குமமும். மெஷினைக் கழுவித் துடைத்து, பேட்டரியைத் தனியே கழற்றி வைத்து, அதற்கும் பொட்டு வைத்திருப்பார்கள். அகலமான மேல்மூடி இருக்க, குழியான டெர்மினல் பக்கத்தில் போய் ஏன் வைக்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சாமி கும்புட்டா கரண்டு வரும்னு நெனச்சீங்களா?" என்று ஒருத்தரைக் கேட்டேவிட்டேன். அன்றைக்கு எனக்கு இரண்டு டீ.

சார் யாரையும் குறை சொல்லமாட்டார். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். ஆனால் அந்தப் பொட்டை அவர் துடைக்கிற அழகைப் பார்க்க வேண்டும். மென்மையான பிரஷ்ஷை வெந்நீரில் தொட்டு, சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி எடுப்பார். பிறகு பஞ்சால் ஒற்றுவார். முடித்ததும் மேல்மூடியில் தன் கையாலேயே ஒரு புதுப் பொட்டு வைத்துக் கொடுப்பார். அதற்காக மேசை இழுப்பறையில் ஒரு குங்குமச் சிமிழ் வாங்கி வைத்திருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், சிரிப்பு வந்துவிடும் என்று. அந்தச் சிரிப்புக்குள் என்னவெல்லாம் இருந்தது என்று அப்போது நானே பார்த்துக்கொள்ளவில்லை.

இனி மில் கேஸ். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில். உள்ளே பெரிய புல்தரையும் வேலிச்செடியும் உண்டு. அதைப் பார்த்துக்கொள்கிறவன் மாயாண்டி. அவனும் அவன் மனைவியும் மில் லைன் வீட்டில் குடியிருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். ஒரு தை மாதம், மில் மேனேஜரே காரில் வந்து மூன்று பேட்டரிகளை மேசையில் வைத்தார். "மூணும் வரிசையாப் போயிருச்சு சார். ஐப்பசி, கார்த்திகை மழையில தோட்டக்காரன் வெளிய போட்டுட்டான். நீங்க திறந்து பார்த்து, என்ன காரணம்னு எழுத்துல குடுத்திருங்க" என்றார்.

நானும் சாரும் சேர்ந்துதான் திறந்தோம். உள்ளே ஈரம் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறுகிற ஒட்டுத்தாள் ஒன்று போர்டு ஓரத்தில் இருக்கும். மூன்றிலும் சிவப்பு. போர்டில் பச்சை பூத்து, மெல்லிய தாமிரக் கோடுகளை அரித்திருந்தது. செல்களின் வோல்டேஜ் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் ஏற்ற இறக்கமாக இருந்தது. சார் அட்டையை எடுத்து எழுதினார்: 'உள்ளே தண்ணீர் புகுந்ததால் பழுது.' யார் விட்டார்கள் என்று எழுதவில்லை, தெரியாததை எழுத மாட்டாரே. மேனேஜர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "இது போதும் சார்" என்று, பேட்டரிகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். எதற்குப் போதும் என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

மறுநாள் காலையில், ஷிஃப்ட் முடிந்த ஆட்களை இறக்கிவிட வந்த மில் பஸ்ஸில் மாயாண்டி வந்து இறங்கினான். சார் அன்று கரூர்ப் பக்கம் ஒரு கஸ்டமரைப் பார்க்கப் போயிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கக்கா. நீங்க எழுதிக் குடுத்த சீட்டக் காட்டுறாங்க. பதினோரு வருசம் அந்த மில்லுல புல்லு வெட்டிருக்கேன். மானம் கருத்தா மொத மிசினத் தூக்கிட்டு ஓடுவேன், அப்பறந்தான் என் தலைக்கி மறைப்பு தேடுவேன். சாமி சத்தியமாச் சொல்றேன், ஒரு பொட்டுத் தண்ணி அதுமேல பட்டதில்ல. ஒரு பொட்டு!"

சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் ஆள்காட்டி விரல் நுனியைத் தொட்டுக் காட்டினான். பார்த்தால் நெற்றிக்கு வைக்கிற மாதிரியே இருந்தது.

"ஏப்பா மாயாண்டி, ஆயுதபூஜைக்கு இதுகளுக்குப் பொட்டு வச்சியா?"

"என்னக்கா இப்பிடிக் கேட்டுட்டீக? வைக்காம?"

"எங்க வச்சே?"

"மூஞ்சியிலதான்."

"மூஞ்சி எதுடா அதுக்கு?"

மேசையில் கிடந்த பேட்டரியை எடுத்து டெர்மினல் பக்கத்தை என் பக்கம் திருப்பினான். "இதுதானக்கா முன்னாடி போறது? ரெண்டு கண்ணு, நடுவுல மூக்கு. அப்ப இதுதானே மூஞ்சி?"

இத்தனை வருஷம் நான் வறுத்தெடுத்த ஆட்கள் எல்லாம் ஏன் அந்தக் குழிக்குள் பொட்டு வைத்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குத் தெரியாமல் போனது அவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. சிரிப்பதற்குள் அவன் அடுத்ததைச் சொன்னான். "சார்ஜு ஏறலன்னு இங்கதான கொண்டாந்தேன். சார்தான் துடைச்சுக் குடுத்தாரு."

"நாலு பேட்டரி இருக்குல்ல ஒங்கிட்ட. நாலும் கொண்டாந்தியா?"

"மூணுதான். அன்னைக்கி அவசரமா வேலியக் கத்திரிக்கணும்னு நாலாவத நானே தீக்குச்சியால சுரண்டிட்டு மாட்டிட்டேன். அது நல்லாத்தான ஓடுது."

"அத இப்பவே கொண்டா" என்றேன். மத்தியானத்துக்குள் கொண்டுவந்துவிட்டான்.

திறந்தேன். ஒட்டுத்தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. போர்டு புதுசு மாதிரி. அதே ஷெட், அதே மழை, அதே ஆள், அதே பொட்டு. இது மட்டும் எங்கள் கைக்கு வரவில்லை. கெட்டுப்போன மூன்றையும் திரும்ப எடுத்து, டெர்மினல் கட்டையைக் கழற்றி அடியில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறை, ரசம் பொங்கி அடுப்பில் வழிந்த தடம் மாதிரி, குழியிலிருந்து போர்டு வரைக்கும் இறங்கியிருந்தது. குங்குமத்தில் சுண்ணாம்பு உண்டு. காய்ந்து கிடந்தால் அது தன்பாட்டுக்குக் கிடக்கும். வெந்நீர் தொட்டு இளக்கினால் கரைந்து உள்ளே போகும். போய் மூன்று மாதம் உட்கார்ந்து தின்றிருக்கிறது. ஐப்பசிப் பதிவேட்டைப் புரட்டினேன். சாருடைய குண்டு எழுத்து: 'மூன்று பேட்டரி. முனையில் சந்தனம். சுத்தம் செய்து கொடுத்தேன்.'

மாயாண்டியிடம், "நாளைக்கிச் சொல்றேன், நீ கலங்காமப் போ" என்றேன். கலங்கியது நான்தான். ஊரே திட்டியபோது திட்டாத மனுஷன், தன் கையால் பொட்டு வைத்துக் கொடுத்த மனுஷன். அவரிடம் போய், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று எப்படிச் சொல்வது? மறுநாள் காலை முழுக்க அந்த போர்டுகள் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருந்தேன். அவர் இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்தார். இரண்டு தடவையும் எனக்கு இருமல் வந்தது. சாப்பாட்டு வேளையில் மாயாண்டியின் மனைவி சென்டர் வாசலில் வந்து நிற்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே வரவில்லை, வெயிலில் அப்படியே நின்றாள். துணியை எடுத்துவிட்டேன்.

சார் டிபன் பாக்ஸை மூடிவிட்டு லென்ஸைக் கண்ணில் வைத்தார். நான்கு போர்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பக்கத்தில் திறந்து வைத்தேன். பிறகு லென்ஸைக் கழற்றினார்.

"இது என் பிரஷ்ஷு ராணிம்மா."

"சார்..."

"ஸ்பிரிட்டுலதான் துடைக்கணும்னு புத்தகத்துல இருக்கு. சந்தனம் அதுல இளகல. சுரண்டுனா தகட்டு மேல கீறல் விழும்னு வெந்நியத் தொட்டேன். நல்லதுன்னு நெனச்சுட்டேன்."

பொய் சொல்ல நான் தயார் என்று தெரிந்த நேரம் அது. "சார், மாயாண்டிக்கு வேலை தப்பிச்சாப் போதும். 'காரணம் தெரியவில்லை'ன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துருங்க. மேனேஜர் விட்டுருவாரு. ஒங்களையும் யாரும் கேக்க மாட்டாங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. "தெரிஞ்சிருச்சே" என்றார்.

அன்று சாயங்காலமே எழுதி, மில்லுக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று என்று அனுப்பினார். மூன்றே வரி. 'எங்கள் சென்டரில் சுத்தம் செய்தபோது தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தோட்டக்காரர் மேல் தவறில்லை. சுத்தம் செய்தவன் நான்.' மாயாண்டி வீட்டுச் சாமான்களைக் கட்டிவைத்திருந்தானாம். அந்தக் கடிதத்தோடு மூட்டையை அவிழ்த்தார்கள்.

ஆனால் சாருக்கு அதோடு முடியவில்லை. "நான் வெந்நி தொட்டது இந்த மூணு மட்டுமில்லயே" என்றார். பதிவேட்டை வைத்துக்கொண்டு, அந்த வருஷம் அவர் சுத்தம் செய்த எல்லா ஆட்களுக்கும் போன் போட்டோம். போன் எடுக்காதவர்கள் வீட்டுக்குச் சென்டர் வேனை எடுத்துக்கொண்டு நேராகவே போனோம். அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டிலும் ஸ்க்ரூடிரைவர் பெட்டியுமாக உட்கார்ந்திருப்பேன். ஆத்தூர், செம்பட்டி, நடுவில் எத்தனையோ தோப்பு. போன இடத்திலேயே கயிற்றுக்கட்டிலில் துணி விரித்து, பேட்டரியைத் திறந்து, அரிப்பு ஆரம்பித்திருந்தால் ஸ்பிரிட்டில் கழுவி, காயவைத்து, ஒவ்வொரு செல்லாக அளந்து மூடுவோம். தேறாதது என்றால் எடுத்துக்கொண்டு வேறு கொடுப்போம்.

ஆத்தூர் டேம் பக்கம் பூத்தோட்டம் வைத்திருந்த ஒரு அம்மா இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு கேட்டார். "ஏஞ்சாமி, பொட்டு வச்சது குத்தமாப் போச்சா?"

"பொட்டு ஒண்ணும் குத்தமில்லம்மா. நான் தொட்ட தண்ணிதான் குத்தம். இனிமே மேல மூடியில வைங்க, உள்ள வேணாம்."

"மேல வச்சா சாமி ஏத்துக்கிருமா?"

"நம்ம எல்லாரும் நெத்தியிலதானம்மா வைக்கிறோம், மூக்குக்குள்ளயா வைக்கிறோம்?" என்று நான் குறுக்கே விழுந்தேன். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். ஒரு பந்து மல்லிகையை என் கையில் திணித்து, "வச்சுக்க தாயி" என்றார். நான் பூ வைப்பதை விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும் சார் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "வச்சுக்கங்களேன் ராணிம்மா. வாடிப்போயிரும்ல" என்றார். வைத்துக்கொண்டேன். அன்றைக்கு வேன் கண்ணாடியில் நான் என்னை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மூன்று வாரம் அப்படி ஓடியது. அவரை என்ன செய்யப்போகிறார்கள் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வரவேண்டியிருந்தது. அவர் தலைமேல் கத்தி தொங்கியது. எனக்கோ தினமும் காலையில் சீக்கிரமே விழிப்பு வந்தது, எந்தச் சேலை கட்டலாம் என்று. வெட்கக்கேடுதான். அந்த மனுஷனுடைய கெட்ட காலம் எனக்கு நல்ல காலமாக இருந்தது. செம்பட்டி முக்கில் பரோட்டாக் கடையில் சாப்பிடும்போது அவர் மனைவியைப் பற்றிச் சொன்னார். பிறகு என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார். யாரும் என்னிடம் அதைக் கேட்டே ரொம்ப நாளாகியிருந்தது. சொன்னேன். அவர் சால்னாவை என் இலைப்பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசிப் பேட்டரியை மூடிய அடுத்த வாரம் கடிதம் வந்தது. வேலையை விட்டு எடுக்கவில்லை. இன்சார்ஜ் பதவி மட்டும் போயிற்று. ஓசூர் குடோனில் ஸ்டோர் பொறுப்பு, உடனே போய்ச் சேர வேண்டும். பெஞ்சும் இல்லை, மீட்டரும் இல்லை, கஸ்டமரும் இல்லை. படித்துவிட்டு, "எழுத்தெல்லாம் சரியாத்தான் எழுதிருக்காங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன். யார் மேல் கோபப்படுவது? துணியை எடுத்தது நான்.

சேலம் போய் மாறுவதாகச் சொன்னார். காலை பஸ். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வெஞ்சனமும் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நான் வருவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்று நினைத்தேன். ஆனால் பஸ்ஸில் ஏறாமல் வெளியே நின்றுகொண்டு நுழைவாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் நின்றோம். மகளைப் பற்றிக் கேட்டேன், ஓசூர்க் குளிரைப் பற்றிக் கேட்டேன். டிரைவர் ஏறி வண்டியை ஸ்டார்ட் பண்ணினார்.

"போறேன் ராணிம்மா" என்றார்.

எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பமாட்டார்கள். டீக்கடைக்குப் போனால்கூட 'போய்ட்டு வாரேன்' என்பதுதான் வழக்கம். "போய்ட்டு வாரேன்னு சொல்லுங்க சார்" என்றேன். அவர் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் விசில் அடித்தார். அப்போதும் ஏறவில்லை. நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று நின்றார் போல. நானும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தண்ணி பாட்டிலு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏறினார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் அதே பெஞ்சில் வேலை பார்த்தேன். புது இன்சார்ஜ் கெட்டிக்காரர், குறை சொல்ல எதுவும் இல்லை. வருஷாவருஷம் ஆயுதபூஜைக்கு மறுவாரம் வரிசை வரும். உலர்ந்த பிரஷ்ஷும் ஸ்பிரிட்டுமாக நான் சுத்தம் செய்வேன், யாரையும் திட்டாமல். டீ குடிக்கப் போங்கள் என்று என்னை எழுப்பிவிட ஆள் இல்லையே. மத்தியானத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது எதிர் நாற்காலியைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. போன வருஷம் ரிட்டையர் ஆனேன். மகன் திருப்பூருக்குக் கூப்பிடுகிறான், போகவில்லை. காலையில் எழுந்ததும் பழனி ரோட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று கால் பரபரக்கிறது. எனக்கு அந்த வேலை வேண்டியிருக்கிறது. அந்த மனுஷன் எதிரே இருந்த அந்த வேலை வேண்டியிருக்கிறது. வயசான காலத்தில் இதை எழுத வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

மாயாண்டி இன்னும் அதே மில்லில்தான் இருக்கிறான். ஜெயந்தி போன் பண்ணியதற்கு மறுநாள், லைன் வீட்டில் காய்த்த முருங்கைக்காயோடு என்னைப் பார்க்க வந்தான். பேச்சோடு பேச்சாக, "ஞானப்பிரகாசம் சாரும் ரிட்டையராகிட்டாராம்க்கா. ஓசூருலதான் தனியா இருக்காரு. நேத்துப் பேசுனேன். ஒங்களக் கேட்டாரு" என்றான்.

"என்னன்னு கேட்டாரு?"

"ராணிம்மாவுக்கு எம்மேல இன்னும் கோவமான்னு கேட்டாரு. பஸ் ஸ்டாண்டுல ஏதோ சொல்ல வந்துட்டுச் சொல்லாமயே விட்டாங்களே, அது கோவந்தானேன்னு கேட்டாரு. எனக்கென்னக்கா தெரியும், நான் கேட்டுச் சொல்றேன்னுட்டேன்."

இத்தனை வருஷமும் அந்த மனுஷன் இதை நினைத்துக்கொண்டா இருந்திருக்கிறார்? தப்பு எது என்று தெரிந்ததும் அவரிடம் போய்க் காட்ட எனக்கு ஒரே நாள்தான் ஆயிற்று. இதைச் சொல்ல ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. மாயாண்டியிடம் சொல்லி அனுப்புகிற விஷயமில்லை என்பதால் நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். எழுதியதை ஜெயந்திக்குக் கொடுக்கும் முன் அவருக்குத்தான் அனுப்பப்போகிறேன்.

கோவம் இல்ல சார். போகாதீங்கன்னு சொல்லத்தான் அன்னைக்கி வந்தேன். வாயில வரல. இப்பச் சொல்றேன், திண்டுக்கல்லுக்கு வந்துருங்க.